பெரியவ சாஞ்ச பக்கம்

எங்க நாவக்கரம்பைக்குப் புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும், பொண்ணு பாக்க வந்தவங்களா இருக்கட்டும், ஆழ்குழாய் போட வந்த ஆளுங்களா இருக்கட்டும், ஓட்டுக் கேட்டு வந்தவங்களா இருக்கட்டும், பஸ்ஸ விட்டு எறங்கி என் மாவு மில்லு வாசல்ல நின்னு வேர்வையத் தொடைச்சுக்கிட்டு, எதுத்தாப்புல சிவபாக்கியம் வீட்டு ஓட்டுக்கு மேல தெரியுற தென்னைய அண்ணாந்து பாத்துட்டு, மொதல்ல கேக்குற கேள்வி, "ஏங்க, அது ஏன் இப்படி வளைஞ்சு நெளிஞ்சு நிக்குது?"ங்கிறதுதான். நீங்களும் அதத்தான் கேட்டீங்க. அடியில நேரா வருது, அதுக்கு மேல மேக்கால வீட்டுப் பக்கம் சாயுது, அப்புறம் சட்டுன்னு கிழக்க திரும்புது, அப்புறம் மனசு மாறின மாதிரி மறுபடி வீட்டுப் பக்கமே வந்து நிக்குது.

காத்துல அப்படி ஆச்சுங்கிறாங்க சில பேரு, வெளிச்சத்தத் தேடிப் போயிருக்கும்ங்கிறாங்க சில பேரு, அதெல்லாம் மத்த மரத்துக்குச் சரியா இருக்கலாம், எனக்கென்ன தெரியும், ஆனா இந்த மரத்தோட சங்கதி எனக்குத் தெரியும், ஏன்னா இந்த ஊர்ல எந்த வீட்டு ரகசியமும் மில்லுக்கார மரகதத்தத் தாண்டிப் போனதில்ல. இங்க பெல்ட்டு ஓடுற சத்தத்துல எதையும் கத்தித்தான் சொல்லியாகணும், கத்திச் சொன்னா வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும், அப்புறம் அது எங்க ரகசியமா இருக்கிறது. உக்காருங்க, மில்ல நிறுத்திட்டுச் சொல்றேன்.

சிவபாக்கியத்துக்கு ஒரே மகன், வைரக்கண்ணு. சின்ன லோடு வண்டி ஒன்னு ஓட்டுறான், குட்டியானைன்னு சொல்லுவோமே அது. தங்கமான பையன், குடி கெடையாது, சீட்டுக் கெடையாது, யாரு வீட்டுப் பீரோவ ஏத்தினாலும் ஒரு கீறல் இல்லாம எறக்குவான், ஆனா பேச மாட்டான். நீங்க என்ன சொன்னாலும் "ம்". கல்யாண வீட்டுக்குப் போனாலும் "ம்", எழவு வீட்டுக்குப் போனாலும் "ம்", ஒருதடவை செங்கல் ஏத்தும்போது தேள் கொட்டி அதுக்கும் "ம்"னுதான் சொன்னானாம், பொய்யா இருக்கும், ஆனா அவனப் பாத்தவங்க யாரும் பொய்யின்னு சொல்ல மாட்டாங்க.

அவன் ஜாதகத்துல ரெண்டு தாரம்னு இருந்துச்சு. "மொதத் தாரம் தங்காது, ரெண்டாந்தாரந்தான் நெலைக்கும்"ன்னு ஜோசியர் உத்திராபதி கட்டத்த மூடி வெச்சுட்டாரு. இதுக்கெல்லாம் எங்க பக்கம் ஒரு வழி உண்டு. ஒரு வாழை மரத்துக்குத் தாலியக் கட்டி, கட்டின கையோட மரத்த வெட்டிச் சாச்சுட்டா மொதத் தாரம் போயாச்சு, மாப்பிள்ளை தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு வந்து ரெண்டாந்தாரமா ஒரு பொண்ணக் கட்டிக்கலாம், அவ நூறு வருஷம் நல்லாயிருப்பா. வாழைக்கு என்ன, பக்கத்துலேயே கன்னு விட்டு வந்துரும், அது ஒன்னும் கோவிச்சுக்காது.

ஆனா அது புயலடிச்ச வருஷம். வாழைன்னு சொல்லிக்க ஒரு மரம் நிக்கல, பக்கத்து ஊர்லயும் நிக்கல, அதுக்குப் பக்கத்து ஊர்லயும் நிக்கல, தென்னந்தோப்பெல்லாம் பாய விரிச்ச மாதிரி படுத்துக் கெடந்துச்சு. ஊருக்குள்ள தலை நிமிந்து நின்ன ஒரே மரம் சிவபாக்கியம் கொல்லையில நின்ன இந்தத் தென்னைதான், அப்ப அது ரெண்டாள் ஒசரம், நூல் பிடிச்சு நட்ட கம்பம் மாதிரி நேரா நின்னுச்சு. முகூர்த்த நாள் நெருங்கிப் போச்சு, பொண்ணு வீட்டுல பத்திரிகை அடிச்சாச்சு. "மரம்னா மரந்தான், கட்டுய்யா"ன்னுட்டாரு உத்திராபதி. வைரக்கண்ணு "ம்"னு சொல்லி மஞ்சக்கயித்துல மஞ்சக்கெழங்கக் கோத்து மூணு முடிச்சுப் போட்டான்.

இப்ப வெட்டணும். அருவாளத் தூக்கினவன் தூக்கின கையோட நிக்கிறான், ஏன்னா சிவபாக்கியம் ஓடிவந்து மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "ஊர்லயே நிக்கிறது இது ஒன்னு, தென்னம்புள்ளை தென்னம்புள்ளைன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன், புள்ளைய வெட்டுறதுன்னா மொதல்ல என்னை வெட்டுங்கடா!"ன்னு ஒரே கூப்பாடு. ஜோசியருக்கோ பசி நேரம். உள்ள சாம்பார் தாளிக்கிற வாசம் வருது. "சரி சரி, ஒரு மட்டைய மட்டும் வெட்டிப் போடுங்க, தாரம் போன கணக்குத்தான்"ன்னு சொல்லிட்டாரு. மட்டை விழுந்துச்சு, மாப்பிள்ளை தலையில தண்ணிய ஊத்திக்கிட்டான், நாங்க எல்லாரும் கையக் கழுவிட்டுப் பந்தியில உக்காந்துட்டோம். தாலிக்கயித்த அவுக்கணும்னு ஒருத்தருக்கும், இதோ இவ்வளவு பேசுற எனக்குந்தான், தோணவே இல்ல.

பொண்ணு தையல்நாயகி, நாங்க தையலுன்னு கூப்புடுவோம். கிழக்க கடலோரத்துல முத்துமணல்னு ஒரு ஊரு, அங்கேருந்து வந்தா. அவ அப்பா பஸ் கண்டக்டரு, வீட்டுல அஞ்சு பொண்ணுங்க, அஞ்சும் பேசும், ஒருத்தி ஆரம்பிச்சதை இன்னொருத்தி முடிப்பா, முடிச்சதை மூணாமத்தவ மறுபடி ஆரம்பிப்பா, அந்த வீட்டுல சோறு வெந்த சத்தத்தையே யாரும் கேட்டதில்லன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட வீட்டுலேருந்து வந்த பொண்ணு இந்த வீட்டுல வாழ வந்தா. புருஷன்கிட்ட "இன்னைக்கு எங்க லோடு?"ன்னு கேட்டா "ம்". "குழம்பு உப்பா?"ன்னா "ம்". மாமியார்கிட்ட வாயத் தொறந்தா, "இரு தாயி, வெளம்பரம் போடட்டும்"ன்னு சிவபாக்கியம் டிவி சத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்திக்குவா. கெட்டவங்க இல்ல ரெண்டு பேரும். பேச்சுன்னா என்னன்னு தெரியாதவங்க, அவ்வளவுதான்.

அதனால தையலு பாத்திரத்தத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்கு வந்துருவா. அங்க பாத்திரம் தேய்க்கிற கல்லு ஒன்னு, கல்லுக்கு இந்தப் பக்கம் அவங்க ரெண்டு பேரும் படுக்கிற ரூம்பு ஜன்னல், அந்தப் பக்கம் தென்னை. சட்டியத் தேச்சுக்கிட்டே பேசுவா, குண்டானக் கழுவிக்கிட்டே பேசுவா, தங்கச்சி என்ன பண்றாளோம்பா, கடல் காத்து இல்லாம மூச்சு முட்டுதும்பா, நான் வெச்ச மீன் குழம்ப நல்லாயிருக்குன்னு சொல்ல ஒரு நாதியில்லையேம்பா. யாருகிட்டன்னு இல்ல, சும்மா காத்துக்கிட்ட பேசுற மாதிரிதான். ஒருநாள் காலையில வெயில் படுற எடத்துல நெழல் விழுந்து கெடந்துச்சு. நிமிந்து பாத்தா, நேரா நின்ன மரம் ஒரு சாண் இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. மறுநாள் இன்னொரு சாண்.

ஊர்ல இதுக்காக யாரும் மூக்கு மேல விரல் வைக்கல. மரம் சாயுதா, சாயட்டும், தாலி கட்டிக்கிட்டவ புருஷன் படுக்கிற ஜன்னல் பக்கம் சாயாம வேற எந்தப் பக்கம் சாய்வான்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க. மட்டைய வெட்டினதுக்கெல்லாம் தாரம் போகாது, அவ உசுரோட இருக்கா, அவதான் மூத்தவன்னு ஊரே ஒரு முடிவுக்கு வந்து, அதுக்கு "பெரியவ"ன்னு பேரும் வெச்சாச்சு, தையலு "சின்னவ" ஆயிட்டா. நல்ல நாள்ல வெத்தலைபாக்கு வெச்சுக் குடுக்கப் போனவங்க சிவபாக்கியத்துக்கு ஒன்னு, பெரியவளுக்கு ஒன்னு, தையலுக்கு ஒன்னுன்னு மூணு தட்டு கொண்டு போனாங்க. வெள்ளிக்கிழமையானா யாராச்சும் ஒருத்தி அடிமரத்துல மஞ்சளப் பூசிக் குங்குமம் வெச்சுட்டு வருவா. வளையக்காரரு கொல்லைப்பக்கம் எட்டிப் பாத்து, "பெரியம்மா கை அளவு என்ன?"ன்னு கேட்டாரு. ஊராட்சித் தலைவரு கூட டீக்கடையில, "மொதத் தாரம் உசுரோட இருக்கிறப்ப ரெண்டாவது செல்லாதே, வைரக்கண்ணு, என்னப்பா பண்ணப் போற?"ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. வைரக்கண்ணு என்ன சொல்லியிருப்பான்னு உங்களுக்கே தெரியும்.

எல்லாருக்கும் சிரிப்பா இருந்துச்சு, தையலுக்கு மட்டும் வயிறு எரிஞ்சுது. வாழ வந்த வீட்டுல மூச்சு விடுற மாமியாருக்கு அடங்கி நடக்கலாம், வெறும் மரமா நிக்கிற மூத்தாளுக்கு எப்படிங்க அடங்குறது? அன்னையிலேருந்து அவ பேச்செல்லாம் திட்டாப் போச்சு. கல்லுல உக்காந்தா போதும், "ஏண்டி வெக்கங்கெட்டவளே, ராத்திரி பகல் ஜன்னலையே எட்டிப் பாக்குறியே, மட்டையில கண்ணா இருக்கு ஒனக்கு?"ன்னு ஆரம்பிப்பா. அவ அடுப்புக்குச் சுள்ளி தேட எந்திரிச்சா மேலேருந்து ஒரு பன்னாடை சொத்துன்னு காலடியில விழும். "பாருங்க யக்கா, சக்களத்தி என் மேல பன்னாடைய விட்டெறியுறா!"ன்னு என் மில்லுல வந்து அழுவா. வெறகு ஈரமாயிருந்த அன்னைக்கு ஒரு காஞ்ச பாளை வந்து விழுந்துச்சு, அதுக்கும் திட்டு. தென்னை தர்றத எல்லாம் அவ அடுப்புல வெச்சு எரிப்பா, எரிச்சுக்கிட்டே திட்டுவா, மரம் இன்னும் ஒரு சாண் சாயும்.

ஒருநாள் மிளகாய் அரைக்க வந்தா. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், மில்லு ஓடுது, தும்மலும் இருமலுமா எல்லாரும் நிக்கிறோம், இவ என் காதுக்கிட்ட வந்து தொண்டை கிழியக் கத்துறா, "யக்கா, நேத்து ஒரு சின்னப்புள்ளை என்னைப் பாத்து 'சின்னவ வீடு எங்க இருக்கு'ன்னு கேக்குது யக்கா, நான் என்ன சின்னவீடா?" அந்த நேரம் பாத்துக் கரண்டு போச்சு பாருங்க. மில்லு நின்னுருச்சு, பெல்ட்டு நின்னுருச்சு, "சின்னவீடா"ங்கிறது மட்டும் தனியா நின்னு ஊரெல்லாம் கேட்டுச்சு. யாரோ ஒருத்தி சிரிப்ப அடக்க முடியாம முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. தையலு முகம் மிளகாய விடச் செவந்து போச்சு. மிளகாயையும் வாங்காம விறுவிறுன்னு நடந்து வீட்டுக்குப் போனா.

போனவ, வண்டியத் தொடைச்சுக்கிட்டிருந்த புருஷன் முன்னாடி நின்னு, "இங்க பாருங்க, இந்த வீட்டுல ஒன்னு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். வெட்டுங்க. இல்லன்னா நான் எங்க ஊருக்குப் போறேன்"ன்னு சொன்னா. சொல்லிட்டு அவன் மூஞ்சியவே பாத்தா. ஒரு வார்த்தை, போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மரம் நின்னாக்கூடப் பரவாயில்லன்னு இருந்திருப்பா, எனக்குத் தெரியும். வைரக்கண்ணு மரத்தப் பாத்தான், அவளப் பாத்தான், கையில இருந்த துணியப் பாத்தான், "ம்"னான்.

நல்லவேளையா ஆடி பொறக்குற சமயம். புதுப்பொண்ண ஆடிக்கு ஆத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது வழக்கந்தானே, அதனால சண்டைன்னு வெளிய தெரியாம அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா பஸ்ஸுக்கு நிக்கும்போது என்கிட்ட மட்டும் சொன்னா: "ஆடிப்பெருக்குக்குள்ள அவரு வந்து ஒரு பதில் சொல்லணும் யக்கா. சொல்லலன்னா நான் திரும்பி வர மாட்டேன்." மில்லு ஓடாத நேரம் அது, மெதுவாத்தான் சொன்னா, ஆனா அவ சொன்னதுல அது ஒன்னுதான் என் நெஞ்சுல குத்திச்சு.

அவ போன மறுநாள், சிவபாக்கியம் பல்லு வெளக்கக் கொல்லைக்கு வந்தவ பிரஷ்ஷ வாயில வெச்சபடியே நின்னுட்டா. ஜன்னல் மேல கவுந்திருந்த மரம் நிமிந்து நிக்குது. சரி, சக்களத்தி போயிட்டா, சண்டை முடிஞ்சுது, நிமிந்துட்டா போலன்னு நெனைச்சா. அடுத்த நாள் பாத்தா கிழக்க சாயுது. ஜன்னல விட்டுட்டு, வீட்ட விட்டுட்டு, வேலியத் தாண்டி, ரோட்டத் தாண்டி, கடல் இருக்கிற தெசையப் பாத்துக் கழுத்த நீட்டிக்கிட்டே போவுது. நாங்க எல்லாரும் போயி நின்னோம். வைரக்கண்ணும் பனியனோட வந்து நின்னான். புருஷன் இங்க ரூம்புக்குள்ள படுத்துக் கெடக்கான், பெரியவ எதுக்குக் கிழக்க சாயுறான்னு ஒருத்தருக்கும் வெளங்கல, தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறோம். சிவபாக்கியந்தான் வாயில இருந்த நுரையத் துப்பிட்டு, "அடப்பாவிகளா! இவ என் மகனுக்காக எங்க சாஞ்சா? அந்தப் பொண்ணுக்கில்ல சாஞ்சிருக்கா! ஜன்னல் பக்கம் இல்லடி, பாத்திரங் கழுவுற கல்லு பக்கம்!"ன்னா.

அப்பத்தான் எல்லாருக்கும் ஒறைச்சுது. கிழக்க என்ன இருக்கு, முத்துமணல் இருக்கு. அந்த மரத்துக்கு நாங்க மஞ்சப் பூசினோம், குங்குமம் வெச்சோம், வெத்தலைபாக்கு வெச்சோம், ஒருத்தியாவது அதுகிட்ட ஒரு வார்த்தை பேசினோமா? கட்டினவனும் பேசல. பொழுது விடிஞ்சு பொழுது போனா அது மூஞ்சியப் பாத்துப் பேசினவ அவ ஒருத்திதான். திட்டினாலும் அவதான். பன்னாடைய எறியல அது, அடுப்பெரிக்கக் குடுத்திருக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, சொல்ல என்ன வெக்கம், அத்தனை பேருக்கு மத்தியில மூக்கச் சிந்திக்கிட்டு நின்னேன். அப்ப வைரக்கண்ணு, "நான் இங்கதானே இருக்கேன்"ன்னான். மரம் நகந்தத விட அவன் ஒரு எழுத்துக்கு மேல பேசினதுல நாங்க ஆடிப்போயிட்டோம், ரெண்டு பேரு பயந்து போயி சாமியக் கும்புட்டாங்க.

அதுக்கப்புறம் மரம் நிக்கவே இல்ல, ஒவ்வொரு நாளும் இன்னும் இன்னும் சாஞ்சுக்கிட்டே போச்சு, மேக்குப் பக்கம் மண்ணு பொளந்து வேரு வெளிய தெரிய ஆரம்பிச்சுருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல மல்லாந்துரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. உத்திராபதி வந்து சுத்திச் சுத்திப் பாத்தாரு, பாத்துட்டு முகமெல்லாம் சிரிப்பா, "அடிச்சது யோகம்! யாரும் வெட்ட வேணாம், கை வைக்க வேணாம், தானா விழுது. மொதத் தாரம் போச்சு, தோஷம் கழிஞ்சுது, தையலுக்கும் கேட்டது கெடைச்சுது. நீ சும்மா இருந்தாப் போதும்யா"ன்னாரு. சும்மா இருக்கிறதுல வைரக்கண்ணுக்குச் சொல்லியா குடுக்கணும். அந்த நேரம் அவன் வழக்கம்போல "ம்"னு சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது.

ஆனா அவன் சொல்லல. போயி ஒரு சவுக்குக் கட்டையக் கொண்டாந்து மரத்துக்கு முட்டுக் குடுத்தான், பத்தாதுன்னு இன்னொன்னு குடுத்தான், வேருக்கு மண்ணள்ளிப் போட்டு மிதிச்சான். "ஆத்தா, நீ இதப் பாத்துக்க"ன்னு சிவபாக்கியத்த அங்க உக்கார வெச்சுட்டு, சட்டைய மாட்டிக்கிட்டுக் குட்டியானைய எடுத்துக்கிட்டுக் கிழக்க போயிட்டான். சிவபாக்கியம் அன்னைக்கு டிவியப் போடல. மரத்தடியில நாற்காலியப் போட்டு உக்காந்து, என்ன பேசுறதுன்னு தெரியாம, தனக்குத் தெரிஞ்ச சீரியல் கதையவே மொதல்லேருந்து அதுகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா.

முத்துமணல்ல நடந்தது பின்னால தையலு சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் ஒரு வார்த்தை கூட்டல. அவன் போயி வாசல்ல நின்னானாம். இவ வெளிய வந்து, "எதுக்கு வந்தீங்க?"ன்னாளாம்.

"மரம் விழப் போவுது."

"விழட்டும். அதத்தானே நான் கேட்டேன்."

"ஒம் பக்கமா விழப் போவுது."

"என் பக்கமாவா?"

"நீ போன மறுநாள்லேருந்து கிழக்க சாயுது. நான் வீட்டுலதான் இருக்கேன். என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல."

தையலுக்குப் பேச்சு வரல. பொறந்ததுலேருந்து மொத தடவையா அவளுக்குப் பேச்சு வரல, தங்கச்சிங்க பயந்துட்டாங்க. அப்புறம் பொலபொலன்னு அழுதாளாம். "திட்டத்தானே திட்டினேன் அத? ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே நான்"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாளாம். அதுக்கு வைரக்கண்ணு, "திட்டினாலும் அதுகிட்டத்தானே சொன்ன"ன்னு சொல்லிட்டு, செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு, "அதுகிட்ட என்ன சொன்னியோ அத எனக்கும் சொல்லு"ன்னு கேட்டானாம்.

கேட்டுட்டான்ல, அவ சொன்னா. உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுச் சொன்னா. வந்த அன்னைக்குப் பயந்துகிட்டே வெச்ச ரசத்துலேருந்து ஆரம்பிச்சு, கடல் காத்து இல்லாம தூக்கம் வராததச் சொல்லி, குழம்பு நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தைக்காகத் தட்டத் தூக்குற வரைக்கும் நின்னு நின்னு பாத்ததச் சொல்லி, தங்கச்சி நெனைப்பு வந்து குண்டானுக்குள்ள தலைய விட்டு அழுததச் சொல்லி, சின்னவன்னு கூப்பிட்ட ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி, அதுல என் பேரும் இருந்துச்சாம், இருக்கட்டும், வெயில் சாயுற வரைக்கும் சொன்னா. அந்த வீட்டுலதான் ஆளாளுக்குப் பேசுவாங்களே, தங்கச்சிங்க ஒரு பக்கம், அவ ஆத்தா ஒரு பக்கம், அந்தக் கூச்சல்ல இவ சொல்றது விழணும்னு வைரக்கண்ணு தலைய இடது பக்கமாச் சாச்சு, காத அவ வாய்க்கிட்டக் கொண்டுவந்து, அப்படியே கேட்டுக்கிட்டிருந்தானாம். ஒரு தடவை கூட "ம்" சொல்லலையாம். அவ முடிச்சதும் எந்திரிச்சான், கழுத்து நிமிரல. இப்படித் திருப்பினாலும் நிமிரல, அப்படித் திருப்பினாலும் நிமிரல. "வலிக்குதா?"ன்னாளாம். "இல்ல, நல்லாத்தான் இருக்கு"ன்னானாம்.

ஆடிப்பெருக்கன்னைக்கு நாங்க பொம்பளைங்க எல்லாரும் வாய்க்கால்ல புதுத் தண்ணிக்குப் பூசை போட்டு, ஒருத்திக்கொருத்தி புதுத் தாலிக்கயிறு மாத்திக் கட்டிட்டு, மஞ்சத் தட்டோட திரும்பி வர்றோம், குட்டியானை வந்து நிக்குது. அவன் கழுத்துச் சாஞ்சபடி ஓட்டிட்டு வர்றான், அவ அவன் இடது பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே வர்றா. எறங்கினவ யாரையும் பாக்காம நேரா கொல்லைக்குப் போனா, நாங்களும் பின்னாலேயே போனோம். ரெண்டு சவுக்குக் கட்டையும் வளைஞ்சு போயி, மரம் வேலிக்கு மேல படுத்த மாதிரி கெடக்கு. தையலு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, "ஏண்டி கூறுகெட்டவளே! வேரு வெளிய தெரியுற அளவுக்கா சாய்வ? நான் என்ன செத்தா போயிட்டேன், ஆத்தா வீட்டுக்குத்தானே போனேன்!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, மரத்துல ஒரு சிலிர்ப்பு. மட்டையெல்லாம் சலசலன்னு ஆடிச்சு, வேரு மண்ணுக்குள்ள எறங்குச்சு, முட்டு ரெண்டும் தானா கீழ விழுந்துச்சு, உச்சி மெதுவாத் திரும்பித் திரும்பி அவ தலைக்கு மேல வந்து நின்னுச்சு.

அப்பத்தான் அந்தக் கயித்தப் பாத்தா. மழையிலயும் வெயில்லயும் நைஞ்சு, கருத்து, மரத்த அறுத்துக்கிட்டு உள்ள எறங்கிக் கெடந்துச்சு. நாங்க கயிறு மாத்தப் போறான்னு நெனைச்சுத் தட்டுலேருந்து புதுக்கயிறு ஒன்ன நீட்டினோம். அவ வாங்கல. குனிஞ்சு, பழைய முடிச்ச நகத்தாலயும் பல்லாலயும் நெம்பி நெம்பி அவுக்க ஆரம்பிச்சா. "அய்யய்யோ, புருஷன் நிக்கிறப்பவே தாலிய அவுக்கிறாளே!"ன்னு பொம்பளைங்க எல்லாம் வாயில அடிச்சுக்கிட்டோம்.

"இவளுக்கு எதுக்கு யக்கா தாலி?"ன்னா தையலு. "ஒரு நாளாவது இவருக்காகச் சாஞ்சிருக்காளா?" சொல்லிட்டுப் புருஷனத் திரும்பிப் பாத்தா. ஊரே அவனப் பாத்துச்சு.

"அவுத்துரு. பாவம், எதுக்குக் கட்டினோம்னு எனக்கே தெரியல"ன்னான் வைரக்கண்ணு.

கயிறு கீழ விழுந்த சத்தம் கூட அடங்கல, உத்திராபதி துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "தாலிய அவுத்துத் தீத்துவிட்டாலும் தாரம் போன கணக்குத்தான்! தோஷம் கழிஞ்சுது!"ன்னு கத்தினாரு. "ஒமக்கு எது சொன்னாலும் கணக்குத்தான்யா, வாரும், உள்ள பாயசம் இருக்கு"ன்னு சிவபாக்கியம் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா சிரிக்கும்போதும் எல்லாருக்கும் ஒரு கண்ணு மரத்து மேலதான். இப்ப அதுக்குக் கட்டு இல்ல, கட்டினவன் இல்ல, எங்க வேணாலும் போகலாம், பழையபடி நிமிந்துக்கூட நிக்கலாம், யாரு கேக்கப் போறா. தையலு கையக் கழுவிட்டுக் கல்லுல வந்து உக்காந்து, "அப்புறம் என்னடி நடந்துச்சு இங்க, நான் இல்லாதப்ப?"ன்னு கேட்டுட்டு நேத்துச் சட்டியத் தேய்க்க ஆரம்பிச்சா. உச்சி ஒரு சாண் அவ பக்கம் எறங்குச்சு. எனக்கு மறுபடி மூக்கச் சிந்த வேண்டியதாப் போச்சு.

அன்னையிலேருந்து எங்க ஊர்ல வளைஞ்ச மரத்தப் பாத்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டோம், அந்தப் பக்கம் யாரு இருந்து பேசினதுன்னுதான் கேப்போம். புயலுக்கப்புறம் வெச்ச கன்னுங்ககிட்டயெல்லாம் ஆளாளுக்குப் போயிப் போயிப் பேசினதுல தோப்பே கோணல் மாணலா நிக்குது, பாருங்க, ஒன்னு தெக்க, ஒன்னு வடக்க. பக்கத்து ஊர்ல வரிசையா நேரா நிக்கும். அதப் பாத்தா எங்களுக்குப் பாவமாத்தான் இருக்கும்.

வைரக்கண்ணு கழுத்துதான் இன்னும் நிமிரல. அதோ வர்றான் பாருங்க வண்டியில, தலை இடது பக்கம் சாஞ்சிருக்கு, பக்கத்துல அவ உக்காந்து கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிட்டு வர்றா. ஆஸ்பத்திரியில காட்டினாங்க, எலும்புல ஒன்னும் இல்ல, நரம்புல ஒன்னும் இல்லன்னுட்டாங்க. தைலம் தேய்க்கட்டுமான்னு இவ கேட்டா வேணாங்கிறானாம். போன வாரம் மிளகாய் அரைக்க வந்தப்ப நானும் கேட்டேன், "ஏண்டி, அவன் எப்பத்தான் நிமிருவானாம்?" மில்லு ஓடிக்கிட்டிருந்துச்சு, அவ சிரிச்சுக்கிட்டே ஊருக்கே கேக்குற மாதிரி கத்தினா: "நான் பேசி முடிச்சதும் நிமிருறேங்கிறாரு யக்கா, நான் எங்க முடிக்கிறது!"